தி ஹேக்கா, கலப்பு நீதிமன்றமா, உள்ளூர் விசாரணையா? ஆப்பிரிக்கா கற்றுத்தரும் கணக்கு

படுகொலை நடந்த ஒரு நாட்டில், பாதிக்கப்பட்ட குடும்பங்கள் எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டும்? லைபீரியாவிலும் காம்பியாவிலும் இன்று அரசும் மக்களும் முடிவெடுக்க வேண்டிய கேள்வி இது. தமிழர்களுக்கும் இது புதியதல்ல. 2015இல் ஜெனீவாவில் நிறைவேறிய 30/1 தீர்மானத்தின் வழியாக, வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் நீதிப் பொறிமுறைக்கு இலங்கை அரசு ஒப்புக்கொண்டது. 2020இல் அதிலிருந்து விலகியது. அதற்கு முன்பும் பின்பும், “சியரா லியோன் போல”, “ருவாண்டா போல”, “தென்னாப்பிரிக்கா போல” என்று நம்மிடையே பேசாத ஆளில்லை. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான வழிகள். ஒவ்வொன்றும் எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது என்று தெரியாமல் ஒன்றைக் கேட்பது ஆபத்து. சட்ட மாணவர்களும் மனித உரிமைப் பணியில் இருப்பவர்களும் இந்த இடத்தில்தான் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நீதிமன்றத்தின் பெயரையும் புகழையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஆறு கேள்விகளைக் கேட்கலாம்.

முதலாவது, குற்றம் சாட்டப்பட்டவர் கைக்குக் கிடைப்பாரா? அவர் இன்னும் ஆட்சியில் இருக்கிறாரா, வீழ்ந்துவிட்டாரா, வேறு நாட்டில் தஞ்சம் புகுந்திருக்கிறாரா? என் பார்வையில் மற்ற ஐந்தையும் விட இதுவே பெரிது. இரண்டாவது, சாட்சிகள் உயிரோடும் துணிவோடும் கடைசிவரை நிற்க முடியுமா? மூன்றாவது, எந்த ஆண்டுகளில் நடந்த குற்றங்களை அந்த நீதிமன்றம் விசாரிக்க முடியும்? நான்காவது, வென்ற தரப்பின் குற்றங்களையும் தொடுமா? ஐந்தாவது, பாதிக்கப்பட்டவர்கள் போய்ப் பார்க்கும் தொலைவில், அவர்களுக்குப் புரியும் மொழியில் நடக்குமா? ஆறாவது, எவ்வளவு காலம், எவ்வளவு பணம், தீர்ப்புக்குப் பிறகு இழப்பீடு உண்மையிலேயே கைக்கு வருமா?

## முதல் வழி: சர்வதேச குற்றவியல் நீதிமன்றம்

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருக்கும் இந்த நீதிமன்றத்தை (ஐ.சி.சி.) ஆப்பிரிக்கா மீது திணிக்கப்பட்டது என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதை உருவாக்கிய ரோம் சாசனத்தை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு செனகல். உகாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, மாலி ஆகிய நாடுகளின் அரசுகள் தாங்களாகவே தங்கள் நாட்டு நிலைமையை அங்கே ஒப்படைத்தன. ஆனாலும் போர்க்குற்றத்துக்காகவும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்காகவும் இதுவரை அங்கே தண்டனை பெற்ற அனைவரும் ஆப்பிரிக்கர்கள் என்பதும் உண்மை. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2005இல் சூடானின் டார்பூரையும் 2011இல் லிபியாவையும் அங்கே அனுப்பியது. அனுப்பும் அதிகாரத்தை வைத்திருக்கும் அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் அந்த நீதிமன்றத்தில் உறுப்பினர்களே அல்ல. ஆப்பிரிக்கத் தலைவர்களின் கோபத்தில் சுயநலம் கலந்திருக்கிறது, ஆனால் இந்த ஒரு புள்ளியில் அவர்கள் சொல்வது நியாயம்.

ஐ.சி.சி.க்குக் காவல்துறை கிடையாது. பிடியாணை பிறப்பிக்கலாம், பிடித்துத் தர வேண்டியது அரசுகள். சூடானின் அப்போதைய அதிபர் உமர் அல்-பஷீர் மீது 2009இலும் 2010இலும் பிடியாணைகள் வந்தன. 2015 ஜூனில் அவர் ஆப்பிரிக்க ஒன்றிய மாநாட்டுக்குத் தென்னாப்பிரிக்கா போனார். அவரை நாட்டைவிட்டு விடக்கூடாது என்று அங்கிருந்த உயர்நீதிமன்றம் உத்தரவிட்டும் அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். 2019இல் ஆட்சியிழந்த பிறகும் அவரை யாரும் ஒப்படைக்கவில்லை. உகாண்டாவின் கிளர்ச்சிக் குழுவான லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மியின் தலைவர் ஜோசப் கோனி மீது 2005இல் பிடியாணை. இருபது ஆண்டுகள் கழித்தும் அவர் பிடிபடவில்லை.

கென்யா வழக்கைத்தான் இந்த வழியின் பெரிய பாடமாக நான் வைப்பேன். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு வெடித்த வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். எதிரெதிர் முகாம்களில் இருந்த உஹுரு கென்யாட்டா, வில்லியம் ரூட்டோ இருவர் மீதும் ஐ.சி.சி. குற்றம் சாட்டியது. அந்த வழக்கே இருவரையும் ஒன்று சேர்த்தது. 2013 தேர்தலில் கூட்டாகப் போட்டியிட்டு வென்றார்கள். அதன்பிறகு விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டிய அரசின் தலைவரே குற்றம் சாட்டப்பட்டவர். சாட்சிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். 2014 டிசம்பரில் கென்யாட்டா மீதான குற்றச்சாட்டுகளை ஐ.சி.சி.யின் வழக்குத் தொடுநர் தரப்பு திரும்பப் பெற்றது, 2016 ஏப்ரலில் ரூட்டோ வழக்கு பாதியில் முடிந்தது. சாட்சிகள் மீது செலுத்தப்பட்ட அழுத்தத்தையும் அரசியல் தலையீட்டையும் நீதிபதிகளே சுட்டிக்காட்டினார்கள். ரூட்டோ இன்று அந்த நாட்டின் குடியரசுத் தலைவர்.

இங்கே மறைந்திருக்கும் விலை ஒன்று உண்டு. ஓர் அரசு தானே முன்வந்து ஒப்படைக்கும்போது, ஆவணங்களுக்கும் பயணத்துக்கும் பாதுகாப்புக்கும் விசாரணையாளர்கள் அந்த அரசையே நம்பியிருக்க நேர்கிறது. உகாண்டாவில் கிளர்ச்சியாளர்கள் மீது மட்டுமே வழக்கு, ராணுவத்தின் மீது ஒன்றுகூட இல்லை. ஐவரி கோஸ்டில் தோற்ற முன்னாள் அதிபர் லோரன் பக்போவின் தரப்பு மட்டுமே விசாரணைக் கூண்டில் நின்றது. அவரும் 2019இல் விடுதலையானார், 2021இல் அது உறுதியானது.

கால எல்லையும் கடுமையானது. 2002 ஜூலை 1க்கு முன் நடந்த எதையும் தொட முடியாது. லைபீரியப் போரின் பெரும்பகுதியும், ருவாண்டாவும், சியரா லியோனும் இந்த எல்லைக்கு வெளியே.

இத்தனைக்கும் பிறகும் இந்த வழியை நான் தள்ளிவிட மாட்டேன். காங்கோவின் தாமஸ் லுபாங்கா குழந்தைகளைப் போரில் ஈடுபடுத்தியதற்காக 2012இல் தண்டிக்கப்பட்டார். அதே நாட்டின் கிளர்ச்சித் தளபதி போஸ்கோ என்டகாண்டாவுக்கு 30 ஆண்டுகள். டார்பூரின் ஜன்ஜவீத் ஆயுதக்குழுத் தலைவர் அலி குஷைப் 2025 அக்டோபரில் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. போர் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் சூடானில் வேறு எந்த நீதிமன்றத்துக்கு அந்த மக்கள் போயிருக்க முடியும்? உள்நாட்டில் எல்லாக் கதவும் மூடியிருக்கும்போது, ஆட்சியில் இருப்பவரின் பெயரைக் குற்றவாளிப் பட்டியலில் எழுத இருக்கும் ஒரே இடம் தி ஹேக்.

## இரண்டாவது வழி: சிறப்பு நீதிமன்றங்களும் கலப்பு நீதிமன்றங்களும்

இனப்படுகொலை நடந்த ருவாண்டாவுக்காக ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 1994 நவம்பரில் ஒரு தீர்ப்பாயத்தை அமைத்தது. இடம் தான்சானியாவின் அருஷா. அப்போது கவுன்சிலில் உறுப்பினராக இருந்த ருவாண்டாவே அந்தத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. 93 பேர் மீது குற்றச்சாட்டு, அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை. 1998இல் ஜான் பால் அகயேசு வழக்கில் வந்த தீர்ப்புதான், ஒரு சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலைக் குற்றத்தை விசாரித்து அளித்த முதல் தண்டனை. பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவியாக முடியும் என்று அந்தத் தீர்ப்பு சட்டமாக்கியது. தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண் நவநீதம் பிள்ளை. உலகின் எந்த மூலையில் போர்க்காலப் பாலியல் வன்முறை வழக்கு நடந்தாலும் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஆனால் கிராமத்து ருவாண்டாவுக்கு அருஷா வெகுதூரம். ஆட்சியைப் பிடித்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் குற்றங்களை, அதாவது வென்ற தரப்பின் குற்றங்களை, அது விசாரணைக்கு எடுக்கவே இல்லை. யாரும் எதிர்பாராத சிக்கலும் உண்டு: விடுதலையானவர்களும் தண்டனை முடித்தவர்களும் போக நாடில்லாமல் ஆண்டுக்கணக்கில் அருஷாவிலேயே தங்கினார்கள். 2021இல் சிலரை நைஜர் ஏற்றுக்கொண்டது, உடனேயே வெளியேறச் சொல்லி உத்தரவும் போட்டது.

சியரா லியோன் வேறு அச்சு. 2002இல் ஐ.நா.வும் அந்நாட்டு அரசும் ஒப்பந்தம் செய்து, உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் சேர்ந்து அமரும் நீதிமன்றத்தைத் தலைநகர் ப்ரீடவுனிலேயே நிறுவினார்கள். வென்ற தரப்பில் நின்ற சிவில் பாதுகாப்புப் படையின் தலைவர்களையும் அது விசாரித்தது. மக்களில் பலர் வீரர்களாகக் கொண்டாடிய ஆட்கள் அவர்கள். இந்தத் துணிவை வேறு எங்கும் எளிதில் பார்க்க முடியாது. 1999 லோமே சமாதான ஒப்பந்தம் தந்த பொதுமன்னிப்பு சர்வதேசக் குற்றங்களுக்குச் செல்லாது என்றும் அந்த நீதிமன்றம் சொன்னது. மொத்தம் ஒன்பது பேருக்குத் தண்டனை. அவர்களில் அண்டை நாடான லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்ல்ஸ் டெய்லரும் ஒருவர். 2012இல் அவருக்கு 50 ஆண்டுகள். அவருடைய விசாரணை மட்டும் பாதுகாப்புக் காரணத்துக்காகத் தி ஹேக்குக்கு மாற்றப்பட்டது.

விலை? போர் தொடங்கியது 1991இல், நீதிமன்றம் விசாரித்தது 1996 நவம்பருக்குப் பிந்தைய குற்றங்களை மட்டும். முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுப்பட்டவர்களுக்கு அங்கே இடமில்லை. நாடுகள் விரும்பித் தரும் நன்கொடையில் இயங்கியதால் பணத்துக்காகக் கையேந்தியபடியே ஓடியது. டெய்லரே 2003 முதல் 2006 வரை நைஜீரியாவின் தஞ்சத்தில் பத்திரமாக இருந்தார். நைஜீரியா கைவிட்ட பிறகுதான் வழக்கு நகர்ந்தது.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது செனகல் தலைநகர் டக்காரில் நடந்த வழக்கு. சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசேன் ஹப்ரே ஆட்சியிழந்து செனகலுக்கு ஓடினார். அவருடைய அரசியல் போலீசின் சிறைகளில் உயிர் பிழைத்தவர்கள் 2000இல் டக்காரில் புகார் கொடுத்தார்கள். தங்களுக்கு அதிகாரமில்லை என்றன செனகல் நீதிமன்றங்கள். பெல்ஜியத்தில் புகார் கொடுத்தார்கள். ஆப்பிரிக்க ஒன்றியம் 2006இல், ஆப்பிரிக்காவின் சார்பில் செனகலே விசாரிக்கட்டும் என்றது. செனகல் இழுத்தடித்தது. 2012 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் (ஐ.சி.சி. அல்ல, நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கும் ஐ.நா. நீதிமன்றம்), விசாரி அல்லது ஒப்படை என்று உத்தரவிட்டது. அதற்குள் செனகலில் ஆட்சியும் மாறியிருந்தது. அடுத்த மாதமே சிறப்பு நீதிமன்றம் அமைக்க ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கும் செனகலுக்கும் ஒப்பந்தம். 2016 மே 30 அன்று ஹப்ரேவுக்கு ஆயுள் தண்டனை. ஓர் ஆப்பிரிக்க நாட்டின் முன்னாள் அதிபரை இன்னொரு ஆப்பிரிக்க நாட்டின் மண்ணில், ஆப்பிரிக்க நீதிபதிகள் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்காகத் தண்டித்தார்கள். செலவு ஒரு கோடி யூரோவைத் தொடவில்லை. ஐ.சி.சி.யின் ஓராண்டு வரவுசெலவு 18 கோடி யூரோவுக்கு மேல்.

இது எப்படி முடிந்தது? குற்றம் சாட்டப்பட்டவர் அதிகாரமிழந்து ஏற்கெனவே அந்த நாட்டிலேயே இருந்தார். பாதிக்கப்பட்டவர்கள் சாட்சியங்களைத் தாங்களே தொகுத்து வைத்திருந்தார்கள். அரசியல் போலீசின் கைவிடப்பட்ட ஆவணங்கள் 2001இல் சாட் தலைநகர் என்ஜமேனாவில் கிடைத்தன. கலப்பு என்ற வடிவம் இந்த மூன்றுக்கும் பிறகு வந்ததே தவிர, அதுவாக எதையும் சாதிக்கவில்லை. குறையும் இருந்தது. ஹப்ரேயின் காலத்தில் ராணுவத்தில் உயர்ந்த பதவி வகித்த இட்ரிஸ் டெபி அப்போது சாட்டின் அதிபர். அவரை யாரும் தொடவில்லை. ஏழாயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு 8,200 கோடி சி.எப்.ஏ. பிராங்க் இழப்பீடு என்று 2017இல் மேல்முறையீட்டு மன்றம் உறுதிசெய்தது. பணத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள், காத்திருந்தபடியே பலர் இறந்தும் போனார்கள்.

கலப்பு நீதிமன்றம் என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசைப் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் தலைநகர் பாங்கியில் உள்ள சிறப்புக் குற்றவியல் நீதிமன்றம் பதவியில் இருந்த அமைச்சர் ஒருவரைக் கைது செய்தது. சில நாட்களில் அரசின் ஜெண்டார்ம் காவல்படையினரே அவரைச் சிறையிலிருந்து வெளியே அழைத்துப் போனார்கள். வெளிநாட்டு நீதிபதி பெஞ்சில் இருக்கலாம், ஆனால் சிறையின் சாவி உள்நாட்டு அரசிடம் இருக்கிறது.

## மூன்றாவது வழி: சொந்த நாட்டின் நீதிமன்றம்

கினியாவின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். 2009 செப்டம்பர் 28 அன்று தலைநகர் கோனாக்ரியில் ஒரு விளையாட்டு அரங்கில் கூடிய எதிர்க்கட்சியினர் மீது ராணுவத்தினர் சுட்டார்கள். 150க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அப்போதைய ராணுவ ஆட்சித்தலைவர் மூசா டாடிஸ் கமாரா. ஐ.சி.சி. அதே ஆண்டு முதற்கட்ட ஆய்வைத் தொடங்கி, வழக்குப் போடாமல், நீங்களே விசாரியுங்கள் என்று பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நெருக்கியது. படுகொலையின் பதின்மூன்றாம் ஆண்டு நாளில், 2022 செப்டம்பர் 28 அன்று, விசாரணை தொடங்கியது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பெண்கள் தங்கள் நாட்டு நீதிபதிகள் முன்னால் நடந்ததைச் சொன்னார்கள், நாடே பார்த்தது. நடுவில் 2023 நவம்பரில் ஆயுதம் ஏந்தியவர்கள் கமாராவைச் சிறையிலிருந்து தூக்கிச் சென்றார்கள், அன்றே அவர் திரும்பக் கொண்டுவரப்பட்டார். 2024 ஜூலை 31 அன்று மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்காக 20 ஆண்டுகள் தண்டனை.

எட்டு மாதம் கழித்து, 2025 மார்ச்சில், இன்றைய ஆட்சித்தலைவர் மமாடி டும்பூயா உடல்நலக் காரணம் சொல்லிக் கமாராவுக்கு மன்னிப்பு அளித்தார். சாட்சி சொன்ன பெண்கள் அதே நகரத்தில் வாழ்கிறார்கள். உள்நாட்டு நீதியின் மிகப்பெரிய வலிமையும் மிகப்பெரிய பலவீனமும் இந்த ஒரே வழக்கில் இருக்கின்றன: அருகில் நடந்தது, எல்லோரும் பார்த்தார்கள், ஒரே கையெழுத்தில் தண்டனை கரைந்தது. தி ஹேக்கின் தீர்ப்பை எந்த நாட்டு அதிபரும் இப்படி அழிக்க முடியாது.

உகாண்டாவில் வேறு விதமான விலை. பிடிபட்ட கிளர்ச்சித் தளபதி தாமஸ் குவோயெலோ 2009 முதல் சிறையில் இருந்தார். பொதுமன்னிப்புச் சட்டம் அவருக்கும் பொருந்துமா என்ற சண்டையிலும் நிதியில்லாத் தாமதத்திலும் ஆண்டுகள் ஓடின. 2024இல்தான் தீர்ப்பு, 40 ஆண்டுகள். காங்கோவில் ராணுவ நீதிமன்றங்கள் கிராமங்களுக்கே போய் அமர்வு நடத்துகின்றன. கவுமு என்ற ஊரில் சிறுமிகளைச் சிதைத்த கும்பலும், அதற்குத் தலைமை தாங்கிய மாகாணச் சட்டமன்ற உறுப்பினரும் 2017இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். மினோவா என்ற ஊரில் ராணுவத்தினர் நடத்திய வன்முறை பற்றிய வழக்கிலோ 39 பேர் விசாரிக்கப்பட்டும் பாலியல் வன்முறைக்காகத் தண்டனை பெற்றவர்கள் இருவர் மட்டுமே.

## நான்காவது வழி: ஊர்மன்றமும் உண்மை ஆணையமும்

இனப்படுகொலைக்குப் பின் ருவாண்டாச் சிறைகளில் லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். வழக்கமான நீதிமன்றங்களில் விசாரித்தால் அவர்கள் வாழ்நாள் போதாது. 2002 முதல் 2012 வரை ஊர்மக்கள் தேர்ந்தெடுத்த நடுவர்கள் சுமார் 12,000 ‘கச்சாச்சா’ ஊர்மன்றங்களில் ஏறக்குறைய 19 லட்சம் வழக்குகளை முடித்தார்கள். வழக்கறிஞர்கள் இல்லை. பொய்ப் புகாருக்கும் பழிவாங்கலுக்கும் வழி திறந்திருந்தது. ஆளும் தரப்பின் குற்றங்களைப் பேசக்கூட இடமில்லை. ஆனால் கொன்றவர் எங்கே புதைத்தார் என்று பலருக்குத் தெரியவந்தது அங்கேதான்.

தென்னாப்பிரிக்காவின் உண்மை, நல்லிணக்க ஆணையத்தை நம்மவர்கள் மன்னிப்பின் முன்மாதிரியாகச் சொல்வதுண்டு. அதன் மறுபாதியை மறந்துவிடுகிறார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மன்னிப்பு மனுக்களில் 849 மட்டுமே ஏற்கப்பட்டன. உண்மையைச் சொல்லாதவர்கள் மீது வழக்குத் தொடர வேண்டும் என்பதே பேச்சு. ஆணையம் அனுப்பிய சுமார் 300 வழக்குகளில் பெரும்பாலானவை உறங்கின. அரசியல் தலையீடு நடந்ததா என்று விசாரிக்க 2025இல்தான் ஒரு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. தண்டனை என்ற அச்சுறுத்தலை எடுத்துவிட்டால் உண்மை ஆணையத்தின் பேரம் உடைந்துபோகிறது.

## ஒரே பார்வையில்

| | ஐ.சி.சி. | கலப்பு / சிறப்பு | உள்நாடு | ஊர்மன்றம் / ஆணையம் |
|---|---|---|---|---|
| ஆட்சியில் இருப்பவர் | பெயர் சொல்லலாம், பிடிப்பது அரிது | வீழ்ந்த பின் சாத்தியம் | ஏறக்குறைய முடியாது | முடியாது |
| சாட்சிப் பாதுகாப்பு | ஏற்பாடு உண்டு, கென்யாவில் போதவில்லை | ஓரளவு | மிகப் பலவீனம் | ஊரே சாட்சி, ஊரே ஆபத்து |
| கால எல்லை | 2002 ஜூலை முதல் | ஒப்பந்தம் சொல்லும் காலம் | சட்டம் இருந்தால் தடையில்லை | தடையில்லை |
| வென்ற தரப்பு | கோட்பாட்டில் ஆம் | சியரா லியோனில் ஆம் | மிக அரிது | தென்னாப்பிரிக்காவில் ஓரளவு |
| மக்களுக்கு அருகில் | தொலைவு | நடுத்தரம் | அருகில் | மிக அருகில் |
| மறைவிலை | அரசின் தயவு | நன்கொடை, சிறைச்சாவி | மன்னிப்புக் கையெழுத்து | தண்டனையற்ற உண்மை |

## எந்த நிலைமைக்கு எது

குற்றம் செய்தவர்கள் ஆட்சியில் இருக்கிறார்கள், போர் ஓயவில்லை என்றால் ஐ.சி.சி.யைத் தவிர வழியில்லை. அங்கே உடனடித் தண்டனையை எதிர்பார்க்க வேண்டாம். ஆதாரம் பதிவாகும், பிடியாணை ஆளின் பயணத்தைச் சுருக்கும், அவ்வளவே முதல் பத்தாண்டின் பயன். 2025 செப்டம்பரில் மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் வெளியேறப்போவதாக அறிவித்திருக்கின்றன. அந்த வாசலும் குறுகிக்கொண்டிருக்கிறது.

ஆட்சி மாறிவிட்டது, தலைவர் வீழ்ந்துவிட்டார், ஆனால் நீதித்துறை நம்பத்தக்கதல்ல என்றால் பிராந்தியக் கலப்பு நீதிமன்றமே என் தேர்வு. சிறைச்சாவி வேறொரு நாட்டிடம் இருக்கட்டும். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் சொந்தக் குற்றவியல் நீதிமன்றத்துக்காகக் காத்திருப்பது வீண். அதற்கான 2014 மலாபோ நெறிமுறை பதவியில் இருக்கும் தலைவர்களுக்கு விலக்கு அளிக்கிறது, இன்னும் நடைமுறைக்கும் வரவில்லை.

குற்றவாளிகள் ஆயிரக்கணக்கில் என்றால் எந்தச் சர்வதேச நீதிமன்றமும் உதவாது. தலைமையைக் கலப்பு மன்றத்திலும் மற்றவர்களை உள்ளூரிலும் விசாரிக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும்.

காம்பியா இந்தக் கணக்கின் நடுவில் நிற்கிறது. யஹ்யா ஜம்மே 1994 முதல் 2017 வரை ஆண்டார். அதில் முதல் எட்டு ஆண்டுகள் ஐ.சி.சி.யின் எல்லைக்கு வெளியே. உண்மை ஆணையம் 2021இல் அறிக்கை கொடுத்தது. அவருடைய ஆட்கள் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் தண்டனை பெற்றுவிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸ் 2024 டிசம்பரில் காம்பியாவுக்கான சிறப்புத் தீர்ப்பாயத்துக்கு ஒப்புதல் அளித்தது. வடிவம் சரி, ஆவணம் இருக்கிறது, சாட்சிகள் இருக்கிறார்கள். ஜம்மே இருப்பது எக்குவடோரியல் கினியாவில். காம்பிய அரசும் அண்டை நாடுகளும் தங்கள் பணத்தையும் ராஜதந்திரத்தையும் முதலில் செலவிட வேண்டியது கட்டிடத்துக்கோ நீதிபதி நியமனத்துக்கோ அல்ல, அந்த நாடு அவரை ஒப்படைக்கும்படி செய்வதற்கு.

லைபீரியாவில் அதிபர் ஜோசப் போகாய் 2024 மே மாதம் போர்க்குற்ற நீதிமன்றத்துக்கான அலுவலகத்தை அமைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். 2009இலேயே அந்நாட்டின் உண்மை ஆணையம் பரிந்துரைத்தது அது. இடைப்பட்ட ஆண்டுகளில் சாட்சிகள் முதுமையில் இறந்துகொண்டிருக்கிறார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்களும் இறந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே பணிபுரிபவர்களிடம் நான் சொல்ல விரும்புவது, நீதிமன்றத்தின் வடிவம் பற்றிய பேச்சு முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான். வாக்குமூலங்களை இன்றே முறையாகப் பதிவு செய்து, ஒரு பிரதியை நாட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.